நல்லது நடந்தும் நெஞ்சில் நிற்காதது ஏன்?

கேள்வி: போடியில் பிறந்து கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். வயது 44. கல்யாணத்துக்கு முன்னால் போடியில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போனேன். இப்போது வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. கடன் அடைந்துவிட்டது, சொந்த வீடு இருக்கிறது. மூத்தவள் கோட்டயத்தில் நர்சிங் மூன்றாம் வருஷம், இளையவள் பிளஸ் டூ. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் எங்கள் வீட்டுப் பேச்சு இரண்டே விஷயத்தில்தான் போய் நிற்கும். 2019 மே மாதம் என் கணவர் கையிலிருந்த காயைக் கிலோ இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு விற்றார். ஆகஸ்டில் அதே காய் ஏழாயிரம் போனது. அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு நாள் போகாது. எனக்கோ, அந்தப் பணத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று என் மாமியார் எல்லார் முன்னாலும் சொன்ன சொல்: “வீடு பெருசாத்தான் இருக்கு, ஆள ஒரு ஆம்பளப் புள்ள இல்லையே.” பாத்திரம் துலக்கும்போதுகூட அது காதில் கேட்கிறது. போன மாதம் மூத்தவள் போன் செய்து, பிராக்டிகலில் தான்தான் முதல் மார்க் என்றாள். “சரி சரி, யார்ட்டயும் சொல்லாத, கண்ணு பட்ரும்” என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. நான் நன்றி கெட்டவளா? மனுஷங்களுக்கு ஏன் சந்தோஷம் ஒட்டவே மாட்டேங்குது? என் பிள்ளைகளும் இப்படித்தான் ஆகுமா?

கம்பத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. மகள் சொன்ன நல்ல சேதியைப் பாதியில் நறுக்கிவிட்டோமே என்று போனை வைத்த கையோடு உறைத்திருக்கிறது பாருங்கள், நன்றி கெட்ட மனசுக்கு அது உறைக்காது. “உனக்கென்ன குறைச்சல், எதுக்கு இப்படி இருக்கே?” என்று கேட்பவர்களின் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அந்தக் கேள்வியால் யாருக்கும் துக்கம் குறைந்து நான் பார்த்ததில்லை. இருக்கிற துக்கத்தோடு ஒரு குற்ற உணர்ச்சியும் சேரும், அவ்வளவுதான்.

நீங்கள் காய் பொறுக்கிய நாட்களை நினைத்துப் பாருங்கள். முன்னால் காயைக் கொட்டியிருப்பார்கள். வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது எங்கே கிடந்தாலும் கண் அதில்தான் போய் விழும், விரல் அதைத்தான் எடுக்கும். எட்டு எம்எம் பச்சைக் காய் அத்தனை கிடந்தும் ஒன்றைக்கூட நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். நல்ல காய் பிடிக்காததால் அல்ல, கெட்டதை எடுப்பதற்குத்தான் கூலி. மனசுக்கும் இயற்கை கொடுத்திருக்கும் வேலை கிட்டத்தட்ட இதுதான். காட்டில் வாழ்ந்த நம் முன்னோர்களில் ஒருவர் பழுத்த மரத்தைக் கவனிக்காமல் போனால் அன்று ஒரு வேளை பட்டினி. புலியின் தடத்தைக் கவனிக்காமல் போனால் அடுத்த வேளையே கிடையாது. ஆபத்தை முந்திக் கவனித்தவர்களின் வம்சம்தான் தழைத்தது. அந்த மூளைதான் நமக்கும் வந்திருக்கிறது. பயமோ அவமானமோ வரும்போது மூளையின் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொள்கிறது. அந்த நேரம் சுரக்கும் ஹார்மோன்கள் அந்தக் காட்சியை மற்றதைவிட ஆழமாகப் பதித்துவிடுகின்றன. பால் காய்ச்சிய அன்று சமைத்தது என்ன, யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் மங்கியிருக்கும். மாமியார் அந்தச் சொல்லைச் சொன்னபோது எங்கே நின்றார், என்ன சேலை கட்டியிருந்தார் என்று கேட்டால் நீங்கள் இப்போதும் சொல்வீர்கள்.

இது உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. 2001-ல் ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்று சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, கல்யாண வாழ்க்கை, நட்பு, படிப்பு, ஞாபகம் என்று பல துறைகளில் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லா இடத்திலும் கெட்டதின் எடை நல்லதைவிடக் கூடுதலாகவே இருந்தது. விதிவிலக்கென்று சொல்ல அநேகமாக எதுவும் அகப்படவில்லை.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறில் குமுளிப் பாதை அடைபட்டதும், மேலே கேரள மலைத் தோட்டங்களில் இருந்தவர்கள் பிள்ளைகுட்டியோடு இறங்கி வந்ததும் கம்பத்தில் யாரைக் கேட்டாலும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். அதற்கு முன்னும் பின்னும் தினமும் விடிகாலையில் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் மெட்டு ஏறுகின்றன, சாயந்தரம் இறங்குகின்றன. மேலே மலையாளம், கீழே தமிழ், இரண்டு பக்கமும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போய் வருகிறார்கள். இப்படிக் கழிந்த ஆயிரக்கணக்கான நாட்களுக்குத் தேதி இல்லை. யாருக்கும் அவை ஞாபகத்திலும் இல்லை.

இனி உங்கள் கணவருடைய ஏழாயிரத்துக்கு வருகிறேன். அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-ல் எழுதி வைத்தது இது: நூறு ரூபாய் கிடைப்பதன் சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் போவதன் வலி பெரிது. எத்தனை மடங்கு என்று பின்னால் கணக்கிட்டபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்தது. அவர்கள் சொன்ன இன்னொன்றுதான் உங்கள் வீட்டுக்கு முக்கியம். லாபம், நஷ்டம் என்பதையெல்லாம் மனசு ஒரு கோட்டை வைத்துத்தான் அளக்கிறது. கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, கைக்கு வந்த லாபமும் நஷ்டமாகத் தெரியும். உங்கள் கணவர் தன் கோட்டை ஏழாயிரத்தில் போட்டுவிட்டார். ஆறேழு வருஷமாக அதற்குக் கீழேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கோடு நியாயமானதுதானா என்று அவரோடு உட்கார்ந்து ஒரு நாள் நிதானமாகப் பேசுங்கள். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடந்த ஏலக்காய் ஏலத்தில் போன ஏழாயிரம் அன்றைய உச்ச விலை. ஒரு நல்ல லாட்டுக்குக் கிடைத்தது, வந்த மூட்டை அத்தனைக்கும் கிடைத்ததல்ல. விலை அப்படி ஏறியதற்கு ஒரு காரணம், 2018 ஆகஸ்ட் பெருமழையில் இடுக்கியில் எத்தனையோ பேருடைய செடி அழுகிப் போனது. அவர்களிடம் ஏழாயிரத்துக்கு விற்கக் காயே இல்லை. உங்களிடம் இருந்தது, விற்றீர்கள், வீடானது. 2022-ல் கிலோ ஆயிரத்துக்கும் கீழே போனது. 2024 கோடையில் வறட்சி தோட்டம் தோட்டமாகச் செடியைக் காயவைத்துக் கருக்கியது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாளை எடுத்து வைத்துக்கொண்டு மிச்ச நாட்களையெல்லாம் அதோடு ஒப்பிட்டால், எந்த விவசாயியும் வாழ்நாள் முழுக்கத் தோற்றவனாகத்தான் இருப்பான். இதை வாதாடி ஜெயிக்கிற மாதிரிச் சொல்லாதீர்கள். பழைய சீட்டு, பாஸ்புக் இருந்தால் எடுத்து வைத்து அந்தப் பணம் எங்கெங்கே போனது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். கம்பி, சிமெண்ட், தச்சுக்கூலி, மகளின் முதல் வருஷப் பீஸ் என்று அவர் வாயால் வர வேண்டும். நீங்கள் சொன்னால் சமாதானம் சொல்கிற மாதிரி இருக்கும்.

இதுவரை எழுதியது எந்த நாட்டுக்காரருக்கும் பொருந்தும். உங்கள் கடிதத்தில் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, மகளிடம் நீங்கள் சொன்ன அந்த “யார்ட்டயும் சொல்லாத.”

நம் ஊர்களில் துக்கத்துக்கு ஆள் உண்டு, சந்தோஷத்துக்கு ஆள் இல்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன். பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரைப் பார்த்தால் “எப்படி இருக்கீங்க?” என்போம். “என்னத்தச் சொல்ல, ஏதோ ஓடுது” என்றால்தான் பேச்சு தொடரும். கால் வலி, மருந்துச் செலவு, விலை இல்லை, கூலி ஆள் கிடைக்கவில்லை என்று ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார், தன் கஷ்டத்தில் இரண்டைச் சொல்வார், பிரியும்போது இருவருக்கும் நெருக்கம் கூடியிருக்கும். அதே இடத்தில் “ரொம்ப நல்லா இருக்கேங்க, காய் நல்லா வெளஞ்சிருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். நாளைக்கு ஒருவர் கைமாற்றுக் கேட்டு வருவார். இல்லையென்றால் “அவளுக்கென்ன” என்று ஒரு சொல் தெருவில் நடக்கும். கண்ணு படும் என்ற பயம் வேறு. ரொம்பச் சிரித்தால் அழ வேண்டி வரும் என்று சின்னப் பிள்ளையிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் நல்லதை மூடி வைக்கவும் கெட்டதை விரித்துச் சொல்லவும் பழகிவிட்டோம். இந்தப் பழக்கம் முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நாலு பேர் கடனும் நாலு பேர் பொறாமையும் உள்ள ஊரில் அது ஒரு பாதுகாப்புதான். ஆனால் தெருவுக்காகச் சொன்ன பேச்சை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். சொல்லச் சொல்லத்தான் எதுவும் நினைவில் ஊறும். நூறு தடவை சொன்ன துக்கம் நூறு தடவை ஊறுகிறது. ஒரு தடவையும் வாய்விட்டுச் சொல்லாத சந்தோஷம் ஒரு வாரத்தில் காய்ந்துவிடுகிறது. சந்தோஷம் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டீர்களே, அது ஒட்டுவதற்கு முன்பே நாம் அதன் வாயைப் பொத்திவிடுகிறோம்.

ஷெல்லி கேபிள் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். ஒருவர் நல்ல சேதியைக் கொண்டுவரும்போது வீட்டில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். சேதியை ஆர்வமாகக் கேட்டு, மேலே இரண்டு கேள்வி கேட்கிற துணை இருந்தால், நல்லது நடந்ததால் வந்த சந்தோஷத்துக்கு மேல் சொன்னதால் ஒரு சந்தோஷம் கூடியது. உறவும் பலப்பட்டது. “ஓ அப்படியா” என்று சுரத்தில்லாமல் கேட்பதும், “அதெல்லாம் சரி, ஆனா…” என்று குறை கண்டுபிடிப்பதும் உறவுக்கு நல்லதாக இல்லை.

நல்லதை நம் மக்களுக்கு நினைவில் வைக்கத் தெரியாது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஜான் பென்னிகுயிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1895-ல் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். இன்றைக்கும் ஜனவரி 15 அவர் பிறந்த நாள் என்று நம் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டில் படம் மாட்டியிருக்கிறார்கள், லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவரைப் பார்த்தவர் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் அந்த நன்மை மங்கவில்லை. அதற்கென்று ஒரு நாள், ஒரு பானை, பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை என்று வைத்திருக்கிறோம், அதனால்தான். ஊருக்கு நாம் செய்துவைத்ததை நம் வீட்டுக்கும் செய்யலாம். உங்கள் கடன் அடைந்த தேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தேதியில் வருஷா வருஷம் ஒரு பாயசம் வைத்தால் என்ன?

மாமியார் சொன்ன சொல் வேறு விஷயம். அதை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது உண்மையான காயம். மறந்துவிடுங்கள், வயசானவங்க என்று சொல்வது உங்களுக்கு நியாயம் செய்வதாகாது. ஆனால் அது ஏன் இன்னும் அடங்கவில்லை என்று பார்க்க வேண்டும். சூசன் நோலன்-ஹோக்ஸெமா என்ற உளவியலாளர் துயரத்தையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கத்தைப் பல வருஷம் ஆராய்ந்தவர். அவர் கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்களிடம், மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று கேட்டு வைத்திருந்தார். சில நாளில், 1989 அக்டோபரில், அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது. ஏழு வாரம் கழித்தும் அதிகம் சோர்ந்து கிடந்தவர்கள் யாரென்று பார்த்தால், நிலநடுக்கத்துக்கு முன்பே அசைபோடும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தார்கள். அசைபோடும்போது ஏதோ யோசித்துத் தீர்வு காண்கிற மாதிரி இருக்கும். “ஏன் எனக்கு மட்டும்? ஏன் அப்படிச் சொன்னாங்க?” என்ற கேள்விகளுக்குப் பதில் கிடையாது, அதனால் முடிவும் கிடையாது. “அடுத்து நான் என்ன செய்யப் போறேன்?” என்ற கேள்விக்கு மட்டும்தான் எழுந்து நடக்கக் கால் உண்டு.

இதில் எனக்கு ஒரு ஊகம், தப்பாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் மாமியார் சொன்னது இருக்கிறது. அப்போது உங்கள் கணவர் என்ன சொன்னார் என்பது இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தால், இத்தனை வருஷமாகப் பாத்திரம் துலக்கும்போது நீங்கள் கேட்பது மாமியாரின் சொல்லை மட்டுமல்ல, அதற்குப் பின் விழுந்த மௌனத்தையும்தான். மாமியாரிடம் இப்போது போய்ப் பேசி ஆகப்போவது குறைவு. கணவரிடம் பேசலாம். சண்டையாக வேண்டாம். “அன்னைக்கு அத்தை அப்படிச் சொன்னப்ப நீங்க ஒரு வார்த்தை பேசியிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்” என்று ஒரே வாக்கியம். சொல்லிவிட்டு அவர் பதில் சொல்ல நேரம் கொடுங்கள். உடனே வராது. இரண்டு நாள் கழித்துக்கூட வரலாம்.

அசைபோடுவதை நிறுத்து என்று மனசுக்குக் கட்டளை போட்டால் கேட்காது, இன்னும் கூடும். நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். சாயந்தரம் ஆறரையிலிருந்து கால் மணி நேரம். அதைத் தவிர எப்போது வந்தாலும் “ஆறரைக்குப் பார்த்துக்கலாம்” என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவிட்டுக் கை வேலைக்குத் திரும்புங்கள். ஆறரைக்கு உட்கார்ந்து குறித்ததை வாசியுங்கள். பாதிச் சீட்டு அந்த நேரத்துக்குள் சாரமற்றுப் போயிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஏழாயிரமும் வேண்டாம், பால் காய்ச்சிய நாளும் வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களை, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணத்தோடு, ஒரு வாரம் எழுதுங்கள். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் இப்படி ஒரு வாரம் எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் மனசில் தெளிச்சி தெரிந்தது. பெரியதாக எதுவும் வேண்டாம். “இன்னைக்கு ரசம் நல்லா வந்துச்சு, தக்காளி பழுத்ததா கிடைச்சது” என்றால் போதும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் பார்த்துவிடுங்கள். தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு, இவை குறைந்து இரண்டு வாரத்துக்கு மேல் நாள் பூராவும் அப்படியே இருந்தால் அது வெறும் பழக்கம் அல்ல, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவம் இருக்கிறது, குணமாகும். உங்கள் வயதில் தைராய்டு குறைந்தாலும் ரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி இருக்கும். இரண்டு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். செத்துப் போகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் சேவையை எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. கம்பத்திலிருந்து கூப்பிட்டாலும் குமுளியிலிருந்து கூப்பிட்டாலும் அதே எண்தான். தமிழில் பேசலாம்.

கடைசியாக, பிள்ளைகள். சுபாவத்தில் ஓரளவு பிறவியில் வருவது, அதை நாம் மாற்ற முடியாது. நல்லதைச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறார்கள், அதை இன்றைக்கே மாற்றலாம். மூத்தவளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே போன் செய்யுங்கள். மன்னிப்பெல்லாம் பெரிதாகக் கேட்க வேண்டாம். “அன்னைக்கு பிராக்டிகல்னு சொன்னியே, நான் சரியாவே கேட்கல. முதல்ல இருந்து சொல்லு” என்று ஆரம்பியுங்கள். எந்த வார்டில் நடந்தது, என்ன செய்யச் சொன்னார்கள், கை நடுங்கியதா, மார்க் சொன்னபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். நடுவில் “சாப்பிட்டியா” என்று கேட்காதீர்கள், அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் கணவரும் இளையவளும் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள். கண்ணு படும் என்ற பயம் அப்போதும் வந்தால், போனை வைத்த பிறகு அவள் பேரைச் சொல்லி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுவிடுங்கள்.